ஒரே வரியில் இரண்டு வள்ளித்தாய்

தாயில்பட்டி
12 ஜூலை 2025

ஜோதிக்கா,

போனை எடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. சரி, சென்னையில் பெரிய கம்பெனி, பெரிய வேலை. விருதுநகரில் பழைய நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருப்பவளுக்குப் பதில் போட நேரம் ஏது? மெயில் என்றால் ஆற அமரப் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

சின்னவள்ளி சித்தி இறந்துவிட்டாள்.

உங்களுக்கு அவளைத் தெரியும். ஊர்ப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தீர்களே, அம்மா வைத்த குழம்பு காரம் தாங்காமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த வீட்டில் மோர் வாங்கிக் குடித்தீர்களே, அந்த மோரை ஊற்றியவள்தான். "ரெண்டு பேருக்கும் ஒரே பேரா? வீட்டுக்காரரு பேரும் ஒண்ணா?" என்று கேட்டு அப்படிச் சிரித்தீர்கள். எங்கள் அப்பாவுக்கும் அவருடைய சித்தப்பா மகனுக்கும் குலசாமி பேராக ஊர்க்காவலன் என்று வைத்தார்கள். இரண்டு பேருக்கும் வாய்த்த மனைவி பேரும் வள்ளித்தாயாகப் போய்விட்டது. அதனால் ஊரில் எங்கள் அம்மா பெரியவள்ளி, சித்தி சின்னவள்ளி. பால்காரர் முதல் சாமியாடி வரை யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. பட்டாசுக் கம்பெனிக்குத்தான் இப்போது குழப்பம். சின்னவள்ளி என்று ஒருத்தி அவர்களிடம் வேலை பார்க்கவே இல்லையாம்.

போன மாதம் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறையில் தீப்பிடித்தது. அம்மா தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தாள், அதனால் எனக்கு அம்மா இருக்கிறாள். மற்ற மூன்று பெண்களும் காயத்தோடு தப்பினார்கள். சித்தி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து கிடந்து போன வாரம் போய்விட்டாள்.

அறைக்கு நாலு பேர்தான் என்பது லைசென்ஸ் விதி. அந்த அறையில் வேலை பார்த்தது ஐந்து பேர். ஆனால் நீங்களும் நானும் விருதுநகர் ஆபீசில் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதினோமே வருகைப் பதிவு சாஃப்ட்வேர், அதில் நாலு பேர்தான் இருக்கிறார்கள். வள்ளித்தாய், கணவர் ஊர்க்காவலன், தாயில்பட்டி. ஒரே வரி. அந்த வள்ளித்தாய் உயிரோடு இருக்கிறாள், இதோ என் அம்மா. அப்படியானால் செத்தவள் யார்? யாருக்கோ சோறு கொண்டுவந்தவளாம். வேலையாள் இல்லை என்றால் இஎஸ்ஐ இல்லை. சித்தி மகள் முத்துமாரிக்குப் பென்ஷன் இல்லை. அவள் சிவகாசி காலேஜில் கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் வருஷம். நம்மைப் பார்த்துத்தான் அதை எடுத்தாள். சித்தி போன பிறகு ஃபீஸ் கட்ட அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. சித்தப்பாவுக்கு இடுப்பு விழுந்து மூன்று வருஷம் ஆகிறது.

ஒரு வரி எப்படி ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். போன டிசம்பரில் ஒரே மாதிரி பேர் உள்ளவர்களை ஜோடி ஜோடியாக எடுத்துக் காட்டுகிற குவெரி ஒன்று நான் எழுதினேன். அந்த ஜோடிகளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய், கம்பெனி கேட்டில் நின்று, ஆளைப் பார்த்துக் கேட்டு வருவோம் என்றேன். விரல் மெஷின் அவர்கள் கையைப் படிக்காது, அலுமினியப் பவுடர் ரேகையைத் தேய்த்துவிடுகிறது. ஆதார் எண்ணைக் கிளார்க் எக்செல்லில் மேல் வரியிலிருந்து கீழே இழுத்துவிட்டு, பல பேருக்கு ஒரே எண்ணாக ஆக்கியிருந்தார். கேட்டால்தான் தெரியும் என்றேன். நான் லீவில் இருந்த நாளில் நீங்கள் அந்த குவெரியை எடுத்து, ஜோடிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு இன்னொருவரை அழித்துவிட்டீர்கள். ரிப்போர்ட் பளிச்சென்று ஆகிவிட்டது. அந்தப் பளிச்சைக் காட்டித்தான் ஜனவரியில் சென்னை வேலை.

விருதுநகர் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை நடக்கிறது. அடுத்த வாய்தா ஆகஸ்ட் ஐந்தாம் தேதி. வந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள் அக்கா. அங்கே இரண்டு வள்ளித்தாய் இருந்தார்கள், ஒருத்தியை நான் அழித்தேன். அவ்வளவுதான்.

ரோஜா


சென்னை
17 ஜூலை 2025

ரோஜா,

உன் மெயிலைப் பார்த்து பாத்ரூமில் போய் அழுதேன். நீ நம்ப மாட்டாய். அந்த மோர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள்.

இந்தப் பதிலை நாலைந்து நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். போனை எடுக்காததற்குக் காரணம் திமிர் இல்லை. எடுத்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் நீ எழுதியிருக்கிற விதம் நியாயமில்லை. ஏதோ நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழித்த மாதிரி எழுதுகிறாய். அன்று என் எதிரில் இருந்தது வரிகள், ரோஜா. நூற்றுக்கணக்கான வரிகள். நம் மேனேஜர் லட்சுமிகாந்தம் சார் பின்னால் வந்து நின்றுகொண்டு, "லைசென்ஸ் ரெனியூவலுக்கு முந்தி டபுள் என்ட்ரி ஒண்ணு கூடத் தெரியக் கூடாதும்மா, கஸ்டமர் கொதிச்சுப் போயிருக்காரு" என்றார். வரிகளில் எது மோர் ஊற்றியவர், எது டபுள் என்று யாருக்குத் தெரியும்? நீ எழுதின குவெரி டபுள் என்று காட்டியது. நான் நம்பினேன். உன் வேலையை நம்பியது என் தப்பா?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதே. ஜனவரியிலிருந்து இரண்டு பேர் கூலியும் உங்கள் அம்மா பேரில் ஏறியது. சனிக்கிழமை சனிக்கிழமை உங்கள் அம்மா அதை வாங்கி, கேட்டிலேயே வைத்து, சித்தியிடம் பிரித்துக் கொடுத்தார்கள். நீயேதான் போனில் சிரித்துக்கொண்டு சொன்னாய். அப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் யார்? ஒரு வரி சேர்க்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

என் நிலைமையையும் கொஞ்சம் யோசி. இன்னும் புரொபேஷன் முடியவில்லை. பழைய இடத்தில் எந்தச் சிக்கலும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத்தான் இங்கே சேர்ந்தேன். ஆனைக்குட்டத்திலிருந்து அப்பா போன் செய்தார். யார் போய் அவரிடம் சொன்னார்களோ. "அந்தக் கம்பெனி நம்ம நெலத்துல நிக்குது தாயி. குத்தகை வரலேன்னா ஒன் தங்கச்சி கல்யாணம் எதுல நடக்கும்? நீ ஒன் சோலியப் பாரு, அங்கன போயி ஒண்ணும் பேசாத" என்றார். எங்கள் அப்பா உனக்குத் தெரியுமே, மணிமுத்து ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான்.

எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. விருதுநகர் சர்வரில் என் பழைய லாகின் இன்னும் திறக்கிறது, நேற்றுப் பார்த்தேன். அங்கே யார் பாஸ்வேர்டு மாற்றுகிறார்கள்? சித்தியின் வரியை நானே திரும்ப வைத்துவிடுகிறேன். பழைய சேர்ந்த தேதி, அறை, எல்லாம் போட்டு. யாரும் யாரையும் காட்டிக் கொடுக்க வேண்டியதில்லை, முத்துமாரிக்கும் கிடைத்துவிடும். என்ன சொல்கிறாய்?

ஜோதி


தாயில்பட்டி
18 ஜூலை 2025

ஜோதிக்கா,

தொடாதீர்கள். உங்களுக்குக் கோடிப் புண்ணியமாகப் போகும், அந்த டேட்டா டேபிளைத் தொடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்காமல் விட்டாலும் விடுவீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆமாம், கூலி ஒரே பேரில் ஏறியது எனக்குத் தெரியும். சாரிடம் போய்ச் சொன்னேன். "சீசன் முடியட்டும்மா, இப்ப அவங்க டென்ஷன்ல இருக்காங்க" என்றார். இன்னொரு முறை சொன்னேன். "வேலை பாக்க இஷ்டம் இல்லையா?" என்றார். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். ஊருக்குள் ஏசி ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரே ஆள் நான், அது போய்விடுமோ என்று பயம். ஆனால் சித்தி செத்த பிறகு அந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு நான் திரியவில்லை. விசாரணையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

"நீ எழுதின குவெரி" என்கிறீர்கள். நான் எழுதியது பார்ப்பதற்கு அக்கா, அழிப்பதற்கு இல்லை. அரிவாளைத் தீட்டி வைத்தவள் மேல் பழி போடுகிற மாதிரி இருக்கிறது. ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. ஐந்து பேர் நாலு பேராகிவிட்டால் கம்பெனிக்கு எவ்வளவு சௌகரியம் என்று சாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? உங்களுக்கும் தெரியாமலா?

இங்கே நடப்பதைக் கேளுங்கள். போர்மேன் பெத்தணன் போன வாரம் வீட்டுக்கு வந்தார். "பெரியவள்ளி, நீ ஒரு கையெழுத்துப் போடு. சின்னவ ஒனக்குச் சோறு கொண்டாந்தா, அம்புட்டுத்தான். போட்டின்னா திங்கக்கிழமை வேலைக்கு வரலாம்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. அங்கிருந்தே, "எனக்குச் சோறு கொண்டு வாரவ, எந்திரிச்சு வந்து கொண்டாரட்டும், அப்பம் போடுதேன்" என்றாள். வேலை போயிற்று. சுற்றியிருக்கிற கம்பெனிகளிலும் பெரியவள்ளியை எடுக்கக் கூடாது என்று சொல்லியாயிற்று. எழுதத் தெரியாத என் அம்மா அந்த அளவுக்கு நிற்கிறாள். இதை உங்களைக் குத்துவதற்காகத்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

ஏன் தொடக் கூடாது என்று சொல்கிறேன். காலேஜில் நமக்கு ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கிடைக்காத நாட்களில், ஹாஸ்டல் சாப்பாட்டுத் தட்டில் கீறியிருந்த நம்பரைக் காட்டி நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். ஆளுக்கு ஒரு நம்பர், ஆள் போய்விட்டாலும் அந்த நம்பர் இன்னொருவருக்குப் போகக் கூடாது, அப்போதுதான் டேபிள் பொய் சொல்லாது என்று. நம் சாஃப்ட்வேரும் அப்படித்தான். வேலையாள் ஒவ்வொருவருக்கும் வரிசையாக ஒரு எண். அம்மாவும் சித்தியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அம்மா எண்ணுக்கு அடுத்த எண் இப்போது காலி. அழித்தவர் வரியை அழிக்கலாம், காலி இடத்தை அழிக்க முடியவில்லை.

பேக்கப் எல்லாம் தேடினேன், பழையதன் மேல் புதியதை எழுதி எழுதி ஒன்றும் மிச்சமில்லை. இந்தக் காலி எண் ஒன்றுதான் மிச்சம். அதைத்தான் அதிகாரியிடம் காட்டினேன். நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார். "இந்த நம்பர்ல யார் இருந்தாங்க? ஏன் எடுத்தீங்க?" என்று கம்பெனியைக் கேட்டார். வக்கீல் நேரம் கேட்டார். அடுத்த வாய்தாவில் பதில் சொல்ல வேண்டும். அங்கே யாரோ இருந்தாள் என்று எண் சொல்கிறது. அது யார் என்று நீங்கள்தான் சொல்ல முடியும்.

இன்றைக்கு அதில் எதை எழுதினாலும் அது இன்றைக்கு எழுதியதாகத்தான் இருக்கும். எழுதாதீர்கள். வந்து பேசுங்கள். விருதுநகர் ஸ்டேஷனில் நானே வந்து நிற்கிறேன்.

ரோஜா


சென்னை
3 ஆகஸ்ட் 2025

ரோஜா,

வேலை முடிந்துவிட்டது. திட்டாதே, முழுவதும் படி.

நீ சொன்ன அதே காலி எண்ணில் சித்தியை வைத்துவிட்டேன். பேர், கணவர் பேர், சேர்ந்த தேதி, அறை, எல்லாம் சரியாக. உங்கள் அம்மா வரியைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். யார் திறந்து பார்த்தாலும் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்த மாதிரி இருக்கும். ஐந்தாம் தேதி விசாரணையில் அதிகாரியே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு வள்ளித்தாயும் இருப்பார்கள்.

நான் வர வேண்டியதில்லை, நீயும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மூன்று வாரத்தில் இன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

முத்துமாரியை நன்றாகப் படிக்கச் சொல். முடித்ததும் இங்கே நானே ஒரு இடம் பார்த்துத் தருகிறேன்.

ஜோதிக்கா


தாயில்பட்டி
7 ஆகஸ்ட் 2025

நாகஜோதி அவர்களுக்கு,

உங்கள் மெயிலை வாய்தாவுக்குப் போகிற பஸ்ஸில் பார்த்தேன். இறங்கி ஓடினேன். ஓடி என்ன செய்ய?

லட்சுமிகாந்தம் சாரே வந்திருந்தார், லேப்டாப்போடு. ஒவ்வொரு வரியையும் கடைசியாக எப்போது, எந்த லாகினில் எழுதினார்கள் என்று ஒரு குறிப்பு விழுமே, தப்பு நடந்தால் பிடிக்கலாம் என்று நாம் இரண்டு பேரும் ஆசை ஆசையாக வைத்தோமே, அதைத் திறந்து அதிகாரி பக்கம் திருப்பி வைத்தார். சின்னவள்ளி வரி, எழுதிய தேதி ஆகஸ்ட் மூன்று. செத்து ஒரு மாதம் கழித்து.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா இது? காலி நம்பர்னு நீதானே காமிச்சே. இப்ப நீயே நிரப்பிட்டியா?" என்றார்.

ஆமாம், நான்தான். ஏனென்றால் அந்த லாகின் என்னுடையது. விருதுநகர் ஆபீசில் யாருக்காவது புது லாகின் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நாற்காலி யாருக்கோ லாகினும் அவருக்கு. உங்களுக்கு முன்னால் முனியசாமி அண்ணன், அவர் போனதும் நீங்கள், நீங்கள் போனதும் நான். பாஸ்வேர்டு கூட மாற்றுவதில்லை, மாற்றினால் பழைய ரிப்போர்ட் ஓடாது என்று பயம். நீங்களும் அப்படித்தானே அதை வாங்கினீர்கள்? சென்னைக்குப் போனதும் அது உங்கள் கையோடு வந்துவிட்டது என்று நினைத்தீர்களா?

நான் இல்லை, சென்னையிலிருந்து இன்னொருவர் செய்தது என்றேன். "யாரு?" என்றார். உங்கள் பேரைச் சொன்னேன், மெயிலையும் திறந்து காட்டினேன். சார் சிரித்தார். "மெயில் யாரு பேர்ல வேணாலும் அனுப்பலாம் சார். அவங்க ரிலீவ் ஆகி ஏழெட்டு மாசம் ஆச்சு. இந்தப் பொண்ணு செத்தவங்களுக்குச் சொந்தம்" என்றார். அவ்வளவுதான், எல்லாம் பொருந்திவிட்டது. அந்தக் காலி இடம் ஒன்றுதான் சித்திக்குச் சாட்சி. அதிலேயே பொய்யை ஊற்றி நிரப்பிவிட்டீர்கள். இனி அதைப் பற்றிப் பேசினால் அதிகாரிக்கே சிரிப்பு வரும்.

மாலையே என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். டேட்டாவைத் திருத்தினேன் என்று போலீசில் கொடுக்கப் போவதாகவும் சொன்னார்கள். கொடுக்கட்டும்.

நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. நேரில் வராமல், பேர் தெரியாமல், கை அழுக்காகாமல் செய்கிற நல்லது. உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்டது அது இல்லை.

அடுத்த வாய்தா செப்டம்பர் ஒன்று. அதுதான் கடைசி. இப்போது இரண்டு வாக்கியம் ஆகிவிட்டது. டிசம்பரில் அழித்ததும் நான், ஆகஸ்டில் எழுதியதும் நான் என்று வந்து சொல்லுங்கள். என் வேலை திரும்ப வர வேண்டாம். முத்துமாரி செமஸ்டர் ஃபீஸ் கட்டாமல் காலேஜுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அவளுக்காக வாருங்கள்.

ரோஜா


சென்னை
26 ஆகஸ்ட் 2025

ரோஜா,

"நாகஜோதி அவர்களுக்கு" என்று நீ எழுதியதை எத்தனை முறை திரும்பத் திரும்பப் படித்தேன் தெரியுமா? காலேஜில் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள் நீ.

லாகின் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. பதினெட்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை. கடைசியில் நீ கேட்டதைச் செய்துவிட்டேன். கீழே இருப்பதைப் பிரிண்ட் எடுத்து அதிகாரியிடம் கொடு. ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை.

"மேற்படி மென்பொருளை உருவாக்கிய நிறுவனத்தில் முன்பு பணியாற்றியவர் என்ற முறையில் தெரிவித்துக்கொள்வது. தாயில்பட்டியைச் சேர்ந்த வள்ளித்தாய், கணவர் பெயர் ஊர்க்காவலன் என்ற பெயரில் இரு வேறு பெண் தொழிலாளர்கள் பதிவில் இருந்தனர். கடந்த டிசம்பரில், உரிய விசாரணையின்றி, அவர்களில் ஒருவரின் பதிவு இரட்டைப் பதிவு எனக் கருதி நீக்கப்பட்டது. அவர் மருந்து அடைக்கும் அறையில் தொடர்ந்து பணிபுரிந்தவர். ஆகஸ்ட் மூன்றாம் தேதி அப்பதிவு மீண்டும் சேர்க்கப்பட்டதற்கும் அப்போது அங்கு பணிபுரிந்த ஊழியர் ரோஜாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை."

பேர் மட்டும் போடவில்லை. நீ கொதிப்பாய் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பார், உண்மைதானே முக்கியம், அதைச் சொன்னவர் பேர் எதற்கு? அடுத்த மாதம் எனக்கு வேலை உறுதியாகிறது. அது மட்டும் கைக்கு வரட்டும், அதன்பிறகு யார் கேட்டாலும் நான்தான் என்று சொல்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் பிரஷருக்குப் படுத்திருக்கிறார், அவரிடமும் ஒன்றும் பேச முடியவில்லை.

ஒன்றாம் தேதி காலையில் போன் செய். நல்ல செய்தியாக இருக்கும்.

ஜோதி


சிவகாசி
14 செப்டம்பர் 2025

நாகஜோதி அவர்களுக்கு,

ஒன்றாம் தேதி போன் செய்தேன். எதற்கு, எங்கிருந்து என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காக இந்தக் கடைசி மெயில்.

உங்கள் தாளைக் கொடுத்தேன். அதிகாரி இரண்டு முறை படித்தார். நிஜமாகவே அவர் முகம் மாறியது. தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று. "கையெழுத்து எங்கேம்மா?" என்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த சித்தப்பா என்னிடம் மெதுவாக, "இதச் சொன்ன பிள்ளைக்குப் பேரு இல்லையாம்மா?" என்று கேட்டார். பின்னாலிருந்து பெத்தணன், "பேரில்லாதவளுக்குப் பேரில்லாத சாச்சி, சரியாத்தான் இருக்கு" என்றார். கம்பெனி ஆட்கள் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் அது என்ன என்று புரியாமல் அவர்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

இது சென்னையில் இருக்கிற நாகஜோதி எழுதியது என்று சொன்னேன். அப்படியானால் அவரே சொல்லட்டும், போனிலாவது சொல்லட்டும், பதிந்துகொள்கிறேன் என்றார் அந்த மனுஷர். இதற்குமேல் ஒரு அதிகாரி என்ன செய்வார்? போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் மேஜை மேல் வைத்தேன். நீங்கள் சொன்ன காலை நேரம்தான். மணி அடித்தது. அறை முழுக்க அந்தச் சத்தம்தான். எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெத்தணன்கூட. அடித்து அடித்து, பாதியில் யாரோ வெட்டிவிட்ட மாதிரி நின்றது. உடனே ஒரு மெசேஜ் வந்து விழுந்தது. மீட்டிங்கில் இருக்கிறேன், பிறகு அழைக்கிறேன். போனிலேயே தயாராக இருக்குமே, விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போகிற மெசேஜ், அது.

அதிகாரி அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு பேனாவை மூடினார்.

ஆர்டர் போன வாரம் வந்தது. இறந்தவர் அந்தக் கம்பெனியின் வேலையாள் என்பது நிரூபிக்கப்படவில்லை. ஒரு பக்கம்கூட இல்லை. மேல்முறையீடு செய்யலாம் என்கிறார்கள். என்னத்தை வைத்துச் செய்ய? கூட வேலை பார்த்த மூன்று பெண்களும் வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று கும்பிட்டுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் யாரையும் அழிக்கவில்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இங்கே ஒரு காலண்டர் பிரஸ்ஸில் ஆர்டர் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். போலீஸ் கம்ப்ளெயின்ட் கொடுத்தார்களா இல்லையா என்பதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், ஆனால் எந்த சாஃப்ட்வேர் ஆபீசுக்குப் போனாலும் நான் உட்காருவதற்குள் விஷயம் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. அம்மா வீட்டில் திரி உருட்டுகிறாள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் திட்டினால், "விடு, அதுவும் பொட்டப்பிள்ள, தனியாக் கெடக்கு" என்கிறாள். அதைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உங்களுக்கு வேலை உறுதியாகியிருக்கும். நன்றாக இருங்கள். இதை நான் மனசார எழுதவில்லை.

முத்துமாரி காலேஜிலிருந்து நின்றுவிட்டாள். ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டப் போகிறாள். நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டுப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, காலேஜ் போனாப் போகட்டும். நீங்க தெனமும் கொஞ்ச நேரம் டேட்டாபேஸ் சொல்லிக் குடுத்தீகன்னா நானே படிச்சுக்கிருவேன். அதுல வேலைக்குப் போயிருவேன்" என்றாள். கண்ணெல்லாம் ஆசை. உங்களிடம் வந்து நான் நின்ற மாதிரியே நின்றாள். எனக்கு இதில் தெரிந்தது எல்லாம் உங்களிடம் கற்றது. அதை எடுத்து அவள் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

எனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா டைப் அடிக்கத்தான் தெரியும் என்று சொன்னேன். நம்பிவிட்டாள்.

ரோஜா